பாயிரம் இல்லாத பற்கள்

பழைய நூல்களைப் பாடம் நடத்துகிறவர்களிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டு விடுகிறது. நூலுக்குள் நுழையுமுன் பாயிரத்தைப் பார்ப்பது. யார் செய்தார், எவ்வழியில் செய்தார், யார் கேட்கச் செய்தார் என்பது தெரிந்த பிறகே முதல் வரிக்குச் செல்வது. பாயிரத்தில் வரவேண்டிய செய்திகள் என்று ஆக்கியோன் பெயர் தொடங்கி எட்டை எண்ணுகிறது நன்னூல். காலம், களம், காரணம் என்ற மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உண்டு. சீயகங்கன் கேட்டுக்கொண்டதன்பேரில் பவணந்தியார் அந்நூலை இயற்றினார் என்பதை அதன் சிறப்புப்பாயிரம் மறைக்காமல் சொல்லிவிடுகிறது. கம்பனைப் படிக்கிறவர்கள் சடையப்ப வள்ளலைத் தாண்டிச் செல்ல முடிவதில்லை. சங்கப் புலவர்களோ கொடுத்தவன் பெயர், அவன் ஊர், அவன் மலை, கொடுத்த பொருள் என்று எதையும் விடாமல் பாடி வைத்தார்கள். யாருடைய சோற்றை உண்டு எழுதினோம் என்று சொல்வதை நம் மரபு இழிவாகக் கருதியதில்லை. சொல்லாமல் விடுவதையே குறையாகக் கருதியது.

பல் மருத்துவ ஆராய்ச்சிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி, தமிழ் பயிற்றுவிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று வியப்பவர்கள் இருக்கலாம். இந்தப் பழக்கத்திலிருந்துதான் வந்தது.

சென்ற ஆண்டு நம் கீழ்த்தாடையின் வலப்புறக் கடைவாய்ப்பல் ஒன்று மீண்டும் வலியெடுத்தது. பல ஆண்டுகளுக்கு முன் வேர் சிகிச்சை செய்து கேப் போட்ட பல். வேரடியில் மறுபடி சீழ் கட்டியிருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்தது. இரண்டு வழிகள் இருப்பதாக மருத்துவர் சொன்னார். கேப்பை அகற்றி, வேர் சிகிச்சையை முதலிலிருந்து மறுபடி செய்து பார்ப்பது ஒன்று. பல்லைப் பிடுங்கிவிட்டு இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்வது மற்றொன்று. இரண்டாவதே நிரந்தரம் என்பது அவருடைய கருத்து. அதற்குச் சான்றாக வழவழப்பான தாளில் அச்சிட்ட கையேடு ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் வெற்றி விகிதம் 98 சதவீதம் என்று பெரிய எழுத்தில் இருந்தது.

"இந்த 98ஐ யார் எண்ணினார்கள், டாக்டர்?" என்று கேட்டோம்.

இளைஞர், ஒளிவுமறைவு இல்லாதவர். "கம்பெனி குடுத்த புத்தகம் சார். நான் இம்ப்ளாண்ட் கோர்ஸ் படிச்சதும் அவங்க நடத்துனதுதான்" என்றார்.

அந்த நேர்மை நமக்குப் பிடித்திருந்தது. ஆனால் பதில் பிடிக்கவில்லை. ஒரு பல்லைக் காப்பதா, களைவதா என்று முடிவு செய்ய நம்மிடம் இருந்த ஒரே எண், அந்தப் பல் போனால் லாபம் அடையப்போகிறவர் அச்சிட்ட எண். நூல் கையில் இருக்கிறது, பாயிரத்தைக் காணவில்லை. அதைத் தேடிப் போனதில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

*

இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்புக்குள் பதிக்கப்படும் ஒரு சிறு டைட்டானியத் திருகு. ஈறின்மேல் உட்காரும் பல்செட்டைப் போலவோ, பக்கத்துப் பற்களைச் சீவி அவற்றின் தோளில் ஏற்றும் பிரிட்ஜைப் போலவோ அன்றி, இது எலும்பையே பற்றி நிற்பது. இல்லை, எலும்பு இதைப் பற்றிக்கொள்கிறது என்று சொல்வதே சரி. உயிருள்ள எலும்பு அந்நியமான ஓர் உலோகத்தைத் தள்ளிவிடாமல் அதன் பரப்போடு ஒட்டி வளர்வதை ஆசியோ இன்டக்ரேஷன் என்கிறார்கள். எலும்பிணைவு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த இணைவை முதலில் கண்டவர்கள் பல் மருத்துவர்கள் அல்லர். 1940-இல் போத், பீட்டன், டேவன்போர்ட் என்ற மூவர் பூனைகளின் எலும்பில் பல உலோகங்களைப் பதித்துப் பார்த்து, டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டிக்கொள்வதைக் குறித்து வைத்தார்கள். 1951-இல் லெவந்தால் என்ற அமெரிக்க மருத்துவர் அறுவை சிகிச்சைக்கு ஏற்ற உலோகமென்று டைட்டானியத்தைப் பரிந்துரைத்துக் கட்டுரை எழுதினார். இரண்டும் பல்லுக்கு வந்து சேரவில்லை. கண்டது ஏட்டில் நின்றது.

அக்காலத்தில் டைட்டானியம் அரிய பொருள். மணலில் நிறையவே கிடக்கிறது என்றாலும் தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது கடினம். லக்ஸம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் கிரோல் 1930-களில் கண்ட முறைதான் அதற்கு வழி திறந்தது. 1948-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் அதை வணிக அளவில் விற்கத் தொடங்கியது. விமானத்துக்கும் ராணுவத்துக்கும் எடை குறைந்த, உறுதியான உலோகம் தேவைப்பட்டது. அமெரிக்க அரசின் பணம் அந்தத் தொழிலை வளர்த்தெடுத்தது. எனவே நம் வாய்க்குள் பதியும் திருகின் முதல் புரவலர் யாரென்று கேட்டால், பனிப்போர்க் காலத்துப் போர் விமானத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

1952-இல் ஸ்வீடனின் லூண்ட் பல்கலைக்கழகத்தில் பேர் இங்வார் பிரேனமார்க் என்ற இளைஞர் எலும்பு மஜ்ஜையில் இரத்தம் ஓடும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன நுண்ணிய பார்வைக் கூடு ஒன்றைப் பொருத்தி, உயிருள்ள எலும்புக்குள் நடப்பதை அதன் வழியே நுண்ணோக்கியால் பார்ப்பது அவருடைய முறை. ஆய்வு முடிந்ததும் விலைமிக்க அந்தக் கூட்டைக் கழற்றி அடுத்த முயலுக்குப் பயன்படுத்த நினைத்தார். கழற்ற முடியவில்லை. எலும்பு அதை இறுகப் பற்றியிருந்தது.

இந்தக் கதை எங்கும் சொல்லப்படுவதுதான். ஆனால் அதிலுள்ள நிதிக் கணக்கை யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்த ஆய்வு இரத்த ஓட்டத்தைப் பற்றியது. பல் என்ற சொல்லே அதில் கிடையாது. ஒன்றைத் தேடச் செலவழித்த பணம் மற்றொன்றைக் கண்டது. நல்கை விண்ணப்பங்களை நிரப்பிப் பழகியவர்களுக்கு இதன் பொருள் புரியும். 'இவ்வாய்வால் விளையும் பயன் யாது?' என்ற கட்டத்தில் பிரேனமார்க் அன்று எதை எழுதியிருந்தாலும் அது இம்ப்ளாண்ட் ஆக இருந்திராது.

*

தற்செயலாகக் கண்டதற்குப் பணம் வேண்டியதில்லை. கண்டதை நிறுவுவதற்குத்தான் வேண்டும். கோதென்பர்க் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிரேனமார்க், நாய்களிடத்தும் பிறகு தாமாக முன்வந்த மனிதர்களிடத்தும் ஆய்வைத் தொடர்ந்தார். 1965-இல் முதல் நோயாளிக்குக் கீழ்த்தாடையில் நான்கு திருகுகளைப் பதித்தார். பிறவியிலேயே தாடை ஊனமும் அண்ணப் பிளவும் கொண்ட, 34 வயதான ஒருவர் அவர். அந்தத் திருகுகள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், அவர் மறையும் வரை, நிலைத்தன.

ஆனால் ஸ்வீடனின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு அவருக்கு நிதி தர மறுத்தது. மறுத்ததற்கு ஒரு நியாயமும் இருந்தது என்பதை இன்று நாம் மறந்துவிடக்கூடாது. அதற்கு முன்பு தாடையில் பதிக்கப்பட்ட பலவகை உலோகச் சட்டங்களும் தகடுகளும் சீழ் பிடித்து எலும்பை அரித்து வெளியே வந்தவை. உலோகத்தை எலும்பு ஏற்காது என்பதே அன்றைய பாடநூல். அதோடு, பிரேனமார்க் பல் மருத்துவர் அல்லர், உடற்கூறியலாளர். வேற்றுத் துறைக்காரர் வந்து தம் துறையில் நாற்றங்கால் போடுவதை எந்தப் பல்கலைக்கழகம்தான் விரும்பும்? 1969-இல் லான்ஸ்க்ரோனாவில் அவர் ஆற்றிய உரையின் முடிவில் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, ரீடர்ஸ் டைஜஸ்டில் இடம்பெறுகிறவர்களைத் தாம் நம்புவதில்லை என்று இடித்துரைத்ததாகவும், பல்குத்தும் குச்சிப் பெட்டியின் பின்பக்கத்தில் விளம்பரமாகிறவர்களைத் தாமும் நம்புவதில்லை என்று பிரேனமார்க் திருப்பிச் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. அவர்களுடைய சண்டையிலும் விளம்பரதாரர் நடுவில் நிற்பதைக் கவனிக்கலாம்.

1970-களின் நடுவில் ஸ்வீடனின் தேசிய சுகாதார வாரியம், வெளியூர்ப் பேராசிரியர்கள் மூவரைக் கொண்டு அவருடைய நோயாளிகளை ஆராயச் செய்தது. அவர்கள் சாதகமாகவே சொன்னார்கள். 1977-இல் பத்தாண்டுக்கால அனுபவத்தின் அறிக்கை வெளியாயிற்று. அங்கீகாரம் கிடைத்தது. ஆயினும் ஒரு பல்கலைக்கழகத் துறையால் ஆயிரக்கணக்கில் திருகு கடைய முடியாது. திருகில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் எலும்பு மன்னிக்காது. துல்லியமான கடைசல் தெரிந்த, பணமும் பொறுமையும் உள்ள ஒரு தொழிற்சாலை வேண்டும். 1978-இல் அப்படியொரு நிறுவனத்தோடு பிரேனமார்க் கூட்டுச் சேர்ந்தார். அந்த நிறுவனத்தின் பெயர் போஃபர்ஸ்.

ஆம், அதே போஃபர்ஸ். 1986 மார்ச்சில் இந்தியாவுக்கு 155 மில்லிமீட்டர் பீரங்கிகள் 410-ஐ விற்க ஒப்பந்தம் செய்து, அதில் கையூட்டு கைமாறியதென்று 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி அறிவித்த பிறகு நம் நாட்டின் ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் உச்சரிக்கப்பட்ட பெயர். சென்னையிலிருந்து வெளிவரும் தி இந்து, சித்ரா சுப்ரமணியமும் என். ராமும் திரட்டிய ஆவணங்களைப் பக்கம் பக்கமாக வெளியிட்டதை அக்காலத்தில் பள்ளியிலும் கல்லூரியிலும் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆல்ஃபிரட் நோபல் தம் இறுதியாண்டுகளில் வாங்கிய ஆலை அது. 1981-இல் அந்த ஆலையின் கிளையாக நோபல்ஃபார்மா தோன்றியது. பிறகு நோபல் பயோகேர் என்று பெயர் மாறியது. பீரங்கிக் குழலைக் கடைந்த தொழிலறிவுதான் பல்திருகையும் கடைந்தது.

பீரங்கிப் பணத்தில் பிறந்த பல் என்று முகம் சுளிப்பது எளிது. நம் மரபை நினைத்தால் அவ்வளவு எளிதில்லை. புலவர்க்கு யானையும் பொன்னும் கொடுத்த மன்னர்கள் அவற்றைப் பிற நாட்டை எரித்துத்தான் கொண்டுவந்தார்கள். அந்த எரிப்பையும் சேர்த்தே புலவர்கள் பாடினார்கள். அரசு மறுத்த இடத்தில் ஆயுத ஆலை கொடுத்திருக்கிறது என்பது ஆயுத ஆலையைப் பற்றிச் சொல்வதைவிட அரசைப் பற்றி அதிகம் சொல்கிறது. 1982-இல் டொரன்டோவில் ஜார்ஜ் ஜார்ப் கூட்டிய மாநாட்டுக்குப் பின் வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இம்முறையை ஏற்றன. அந்தப் பரவலுக்குத் தேவையான கருவியும் பயிற்சியும் நிறுவனத்தின் கையிலிருந்து சென்றவை.

ஆனால் கொடுத்த கை பிறகு என்ன கேட்கும் என்பதும் வரலாற்றில் உண்டு. 2014-இல் அமெரிக்காவின் டானஹர் நிறுவனம் நோபல் பயோகேரை ஏறத்தாழ 220 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் பிரேனமார்க் தம் 85-ஆம் வயதில் கோதென்பர்க்கில் காலமானார். முயலின் காலில் சிக்கிய ஒரு கூடு, அறுபது ஆண்டுகளில் இவ்வளவு விலை பெற்றுவிட்டது. இத்தனை விலையுள்ள ஒன்றைப் பற்றி ஐயப்படும் ஆய்வுக்கு, அதை விற்பவர் எதற்காகப் பணம் தரவேண்டும்?

*

சுவிட்சர்லாந்தின் கதை இதைவிட அமைதியானது. அங்கே கைக்கடிகாரத்திலிருந்து தொடங்குகிறது. ரைன்ஹார்ட் ஸ்ட்ராமன் கடிகார உலோகக் கலவைகளில் தேர்ந்தவர். 1954-இல் வால்டன்பர்க் என்ற சிற்றூரில் அவர் நிறுவிய ஆய்வுக்கூடம், முறிந்த எலும்பைப் பிணைக்கும் தகடுகளுக்கு நகர்ந்தது. 1970-களில் பெர்ன் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே ஷ்ரோடரோடு சேர்ந்து பல் இம்ப்ளாண்டுக்கு வந்தது. 1980-இல் ஷ்ரோடரும் ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராமனும் ஐடிஐ என்ற கல்விக் கழகத்தைத் தொடங்கினார்கள். நிறுவனம் ஒப்பந்தப்படி கழகத்துக்குப் பணம் தரும். கழகம் அதிலிருந்து ஆராய்ச்சியாளர்களுக்கு நல்கையும் இளம் மருத்துவர்களுக்கு உதவித்தொகையும் வழங்கும்.

இதை நம் கோயில்களின் கட்டளையோடு ஒப்பிடத் தோன்றுகிறது. கட்டளைதாரர் கருவறைக்குள் வந்து பூசை எப்படிச் செய்வதென்று சொல்வதில்லை. ஆனால் எந்தச் சந்நிதியில் எந்த விளக்கு எரியவேண்டும் என்பதைச் சாசனத்தில் எழுதிவிடுகிறார். அவர் விளக்கு வைக்காத சந்நிதி இருட்டாகவே இருக்கும். ஆராய்ச்சியிலும் நடப்பது பெரும்பாலும் இதுதான். பொய் எழுதச் சொல்லி யாரும் காசு கொடுப்பதில்லை. கேள்வியைத் தேர்வதிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. திருகின் பரப்பு சொரசொரப்பாக இருந்தால் எலும்பு விரைவில் பிணையுமா? மூன்று மாதம் காக்காமல் அன்றைக்கே மேற்பல்லைப் பொருத்தலாமா? இவற்றுக்குப் புரவலர் உண்டு. வேரடியில் சீழ் கட்டிய ஒரு பல்லை இன்னும் எத்தனை ஆண்டுகள் காக்க முடியும் என்ற கேள்விக்குப் புரவலர் தேடவேண்டும். காப்பாற்றப்பட்ட பல்லை யாரும் பெட்டியில் அடைத்து விற்க முடிவதில்லை.

அந்த இருண்ட சந்நிதிகளுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டியது அரசின் கடமை. அமெரிக்காவில் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-இல் தோன்றியதற்குக் காரணமும் போர்தான். இரண்டாம் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது, எதிரெதிரே கடிக்கப் போதிய பற்கள் இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்கள் ஏராளம், நாடு அதிர்ந்தது. 1978-லும் 1988-லும் இம்ப்ளாண்ட் குறித்து நிபுணர்களைக் கூட்டி அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச் கருத்தொருமைக் கூட்டங்கள் நடத்தியது. ஆனால் 2023 நிதியாண்டில் அவ்வமைப்பின் மொத்த ஒதுக்கீடு ஏறத்தாழ 4,700 கோடி டாலர் என்றால், பல் மற்றும் முக எலும்பு ஆய்வுக்கான பிரிவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 52 கோடி. நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பல்நோயால் பெரும்பாலும் யாரும் சாவதில்லை. சாகாத நோய்க்குப் பணம் கேட்பது எந்த நாட்டிலும் கடினம்.

சட்டமும் நிறுவனங்களை நெருக்குவதில்லை. அமெரிக்காவில் 2004 முதல் இவ்வகைத் திருகுகள் நடுத்தர இடர் வகுப்பில் வைக்கப்பட்டன. ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒன்றுக்குத் தம் பொருள் நிகரானது என்று காட்டினால் பொதுவாகப் போதும், புதிதாக நோயாளிகளிடம் நீண்டகாலச் சோதனை நடத்த வேண்டியதில்லை. உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்புக்காக 2003-இல் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, ஏறத்தாழ 80 தயாரிப்பாளர்களின் 220-க்கும் மேற்பட்ட இம்ப்ளாண்ட் வகைகளை எண்ணியது. அவற்றில் மிகச் சிலவற்றுக்கே கனமான மருத்துவச் சான்று இருந்தது. மற்றவை முன்னோர் புகழில் பிழைப்பவை.

*

இனி அந்த 98-க்கு வருவோம்.

2010-இல் பிளாஸ் ஒன் இதழில் பாப்லூ முதலான பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இம்ப்ளாண்ட் எவ்வளவு காலம் நிலைக்கிறது என்பதைப் பற்றிய 41 மருத்துவச் சோதனைகளை எடுத்துக்கொண்டு, நம் பாயிரக் கேள்வியையே கேட்டார்கள்: இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? 41-இல் 26 கட்டுரைகள், அதாவது 63 சதவீதம், நிதி எங்கிருந்து வந்தது என்பதையே சொல்லவில்லை. ஆசிரியருக்கு ஆதாய முரண் உண்டா இல்லையா என்ற அறிவிப்பு இருந்தவை இரண்டே இரண்டு. நிறுவனத் தொடர்பு இல்லாத ஆய்வுகளோடு ஒப்பிட்டால், நிறுவனத் தொடர்புள்ள ஆய்வுகளில் ஆண்டுத் தோல்விக்கான வாய்ப்பு விகிதம் 0.21, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நிதி மூலம் சொல்லாதவற்றில் 0.33, மூன்றில் ஒரு பங்கு. பெயர் சொல்லாதவர்கள் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுத்து விடுகிறது.

இதைப் படித்துவிட்டு, எல்லாம் மோசடி என்று கிளம்பிவிடக்கூடாது. ஒரு சொல்லைக்கூடப் பொய்யாக எழுதாமல் தோல்வியைக் குறைத்துக் காட்ட வழிகள் உண்டு. தேர்ந்த கைகளிடம் மட்டும் சோதனையைக் கொடுக்கலாம். புகைப்பவரையும் நீரிழிவு உள்ளவரையும் விலக்கலாம். பாதியில் வராமல் நின்றவர்களைக் கணக்கிலிருந்து விடலாம். எதை 'வெற்றி' என்பது என்று முன்னதாகவே வகுத்துக்கொள்ளலாம். திருகு விழாமல் நின்றாலே வெற்றியா, அதைச் சுற்றி எலும்பு தேயாமலும் இருக்க வேண்டுமா? இந்தப் பொருட்சண்டையில் எண் மாறிவிடும். உரையாசிரியர்களின் பாடபேதங்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது புதிதன்று.

ஸ்வீடனில் பின்னர் நடந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. சமூகக் காப்பீட்டுத் துறையின் பதிவேட்டில் ஒவ்வொரு சிகிச்சையும் ஏறுகிறது. அதிலிருந்து 2003-இல் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, டெர்க்ஸ் முதலான கோதென்பர்க் ஆய்வாளர்கள் ஒன்பதாண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். எந்த நிறுவனத்தின் திருகு, எந்த ஊர் மருத்துவர் என்ற தேர்வு அவர்கள் கையில் இல்லை. 2015-இல் வந்த முடிவு: ஒரு திருகையாவது இழந்தவர்கள் 7.6 சதவீதம். 2016-இல் வந்த முடிவு: நேரில் சோதிக்கப்பட்டவர்களில் 14.5 சதவீதத்தினருக்குத் திருகைச் சுற்றி மிதமானதோ கடுமையானதோ ஆன அழற்சியும் எலும்பிழப்பும். லேசானவற்றையும் சேர்த்தால் 45 சதவீதம். மூன்று எண்களும் உண்மை. கையேட்டு முகப்பில் எது அச்சாகும் என்பதே கேள்வி.

மொத்தத்தில் இம்ப்ளாண்ட் நல்ல சிகிச்சைதான் என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. ஒன்பதாண்டுகளில் 92 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஒரு திருகையும் இழக்கவில்லை. பல்லே இல்லாமல் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்க்கு அது மறுபிறவி. ஆனால் இருக்கிற பல்லை எடுத்துவிட்டு அதை வைக்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, பொதுப்பணத்தில் கட்டிய, யாருடைய லாபத்துக்கும் கட்டுப்படாத ஒரு பதிவேடு தேவைப்பட்டது. அதே ஸ்வீடனில் இடுப்பு மூட்டு மாற்றத்துக்கு 1979 முதலே தேசியப் பதிவேடு இருக்கிறது. எந்த மூட்டு எத்தனை ஆண்டில் பழுதாகிறது என்று அங்கே யாரும் கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

*

நம் அண்ணன் மகள் பல் மருத்துவத்தில் முதுநிலை முடித்தவள். நம் நாட்டில் எப்படி என்று அவளைக் கேட்டோம்.

"என் தீசிஸ்ல இருபது இம்ப்ளாண்ட், சித்தப்பா. அத்தனையும் கம்பெனி குடுத்தது. இல்லன்னா ஸ்கேன் செலவையும் சேத்து அப்பாதான் கட்டியிருக்கணும்."

"அதை ஆய்வேட்டில் எழுதினாயா?"

"நன்றியுரைல பேர் போட்டேன்."

அவளிடம் குறை காண இதில் ஒன்றுமில்லை. கொடுத்தவரை மறைக்காமல் பெயர் போட்டிருக்கிறாள். 41-இல் 26 பேர் அதைக்கூடச் செய்யவில்லை. ஆனால் நன்றியுரை பாயிரம் ஆகாது. நன்றியுரை கொடுத்தவரை மகிழ்விப்பது. பாயிரம் படிப்பவரை எச்சரிப்பது. அந்த இருபது திருகுகளைக் கொடுத்தவர் முடிவுகளை முன்கூட்டிப் பார்த்தாரா, பார்த்து ஏதேனும் சொன்னாரா என்பதைப் படிப்பவருக்குத் தெரிவிக்கும் இடம் நன்றியுரையில் கிடையாது. மருத்துவச் சோதனைகளை எழுதுவதற்கான கான்சார்ட் நெறிமுறை 2010-லேயே நிதி மூலத்தை ஒரு தனி இனமாகக் கேட்கத் தொடங்கிவிட்டது. நம் கல்லூரி ஆய்வேடுகளும் அதைக் கேட்டால் ஒரு பக்கம்தான் கூடுதலாகும்.

பொதுப்பணம் இங்கே ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதும் சரியன்று. மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமமான சிஎஸ்ஐஆரின் நிதியுதவியோடு, ஐஐடி தில்லியும் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனமும் சேர்ந்து உள்நாட்டு இம்ப்ளாண்ட் ஒன்றை உருவாக்கியிருக்கின்றன. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் டைட்டானியத் தாது மணலாகவே கிடக்கிறது. அதற்கு வடக்கே, கேரளத்தின் சவறையில் இந்த உலோகத்தைப் பிரிக்கும் ஆலை விண்வெளித் துறையின் ஆதரவோடு 2011-இல் அமைந்தது. இங்கேயும் ராக்கெட்டுக்குப் பின்னால்தான் பல் வருகிறது. தாது உண்டு, உலோகம் உண்டு, திருகும் உண்டு. எத்தனை பேர் வாயில் வைத்தோம், எத்தனை நின்றன என்று எண்ணும் தேசியப் பதிவேடுதான் இல்லை. திருகு செய்வதைவிட அதற்குச் செலவு குறைவு. ஆனால் திருகைத் திறந்துவைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். பதிவேட்டைத் திறந்துவைத்து என்ன படம் எடுப்பது?

நம் பல்லின் கதையைச் சொல்லிவிடுகிறோம். வேர் சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்ற இன்னொரு மருத்துவரிடம் சென்றோம். வேரில் விரிசல் இல்லை என்றும் மறுபடி முயலலாம் என்றும் அவர் சொன்னார். முதல் மருத்துவரிடமே இதைத் தெரிவித்தோம். அவர் சற்றும் வருந்தாமல், "தாராளமா பாருங்க சார், இம்ப்ளாண்ட் எங்கயும் போயிடாது" என்றார். அந்தச் சொல்லே முடிவுக்குப் போதுமானதாயிற்று. காப்பாற்றிய பல்லை என்றைக்கு வேண்டுமானாலும் பிடுங்கலாம். பிடுங்கிய பல்லைத் திரும்ப நட முடியாது. பல் இப்போதைக்கு இருக்கிறது. அது இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கும் என்பதற்கு எந்தக் கையேட்டிலும் எண் இல்லை.

ஆராய்ச்சியாளர்கள் நிறுவனங்களின் பணத்தைத் தொடவே கூடாது என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பிரேனமார்க்கின் திருகு கோதென்பர்க்கைத் தாண்டியிராது. புரவலரை அண்டித்தான் பாட்டும் வளர்ந்தது. ஆனால் பெற்றவர்கள் எப்படிப் பெற்றார்கள் என்பதையும் நம் புலவர்கள் பாடிவைத்திருக்கிறார்கள். பெருஞ்சித்திரனார் வறுமையில் உழன்றவர்; பரிசில் நாடி அதியமானிடம் சென்றவர். தன்னை நேரில் கண்டு, தன் பாட்டின் தகுதியை அளந்து தராமல், இதைப் பெற்றுச் செல்க என்று அவன் கொடுத்தனுப்பிய பொருளை அவர் ஏற்கவில்லை. வணிகரைப்போலப் பரிசில் பெறுபவர் அல்லர் தாம் என்றார். தன் தகுதிக்கு ஏற்றது தினையளவே ஆயினும், அறிந்து கொடுத்தால் போதும் என்றார். வீட்டில் பசி இருந்தபோது சொன்ன சொல் அது.